வலி பத்துக்கு எத்தனை?

அடிபட்டு வருகிறவர்களைப் பார்க்கும் அவசர வார்டில் வேலை செய்ய முதலில் வேண்டியது தொண்டை. மற்றதெல்லாம் போகப் போகப் பழகிவிடும். எனக்கும் மற்றதெல்லாம் பழகிவிட்டது. ரத்தத்தைப் பார்த்தால் இப்போது தலை சுற்றுவதில்லை. அழுகிறவர்களோடு சேர்ந்து அழுவதுமில்லை. தொண்டை மட்டும்தான் வரவில்லை. டவுன் பஸ்ஸில் சந்தை நிறுத்தம் வந்ததும் "ஆளு எறங்கணும்" என்று மற்றவர்கள் எவ்வளவு சுலபமாகக் குரல் கொடுக்கிறார்கள்! நான் அதை மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்ப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கினால் அவர்கள் பின்னாலேயே இறங்கி, அங்கேதான் எனக்கு வேலை இருந்தது போல முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி நடந்து வருவேன். உங்களிலும் இப்படி நடந்து வருகிறவர்கள் இருப்பீர்கள். கூச்சத்தில் வெளியே சொல்ல மாட்டீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மேலப்பாளையம். ஆறாவதோடு படிப்பு நின்றது. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்கு விரல் போதும், வாய் வேண்டாம். என் வீட்டுக்காரங்க கத்தாரில் இருக்கிறார்கள். மகள் சபீனா பால்வாடிக்குப் போக ஆரம்பித்ததும் நான் இந்த ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கச் சேர்ந்தேன். ராத்திரி ஷிப்ட். அதில்தான் சங்கடம். சபீனாவுக்கு என் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். என் மாமியார் பாவம், தன் காதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். "இந்தக் காது குத்துது, உம்மா காது வேணும்" என்று ராத்திரியெல்லாம் அழுகை. எப்படியாவது பகல் ஷிப்டுக்கு மாறிவிட வேண்டும் என்பது என் ஒரே ஆசை. ஆனால் அதை வாய் திறந்து கேட்க வேண்டுமே!

வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள்

எங்கள் வார்டில் ஒரு சின்ன டாக்டரம்மா உண்டு. சென்னைக்காரர். அறுவை சிகிச்சையில் மேல்படிப்பு படிக்கிறார். அந்தப் படிப்புக்கு ஓர் ஆராய்ச்சி செய்து கொடுக்க வேண்டுமாம். அடிபட்டு வருகிறவரிடம் வந்தவுடன், "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்க வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லை என்றால் பத்து. ஊசி போட்ட பிறகு மறுபடி கேட்க வேண்டும். வலிக்கு மருந்தை எவ்வளவு சீக்கிரம் கொடுத்தால் எவ்வளவு நல்லது என்று அதை வைத்துக் கண்டுபிடிப்பார்களாம். கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டும். வார்டுக்குப் பொறுப்பான ஜெபராணி சிஸ்டர் ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொல்லித் தப்பித்தார்கள். நானும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அது தொண்டையைத் தாண்டி வருவதற்குள், "சரி, இவ பாப்பா" என்று முடிவாகிவிட்டது. ஒரு மாதம் பகலில் வந்து இதை ஒழுங்காகச் செய்தால் எனக்குப் பகல் ஷிப்ட் நிரந்தரம். சொதப்பினால் பழையபடி ராத்திரி, துடைப்பம்.

முதல் ஆள் பைபாஸில் வண்டியோடு விழுந்த ஒரு பையன். முழங்கால் இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. பக்கத்தில் போய், "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டேன். அவன் "ஆங்?" என்றான். இன்னும் கொஞ்சம் குனிந்து கேட்டேன். மறுபடியும் "ஆங்?" கடைசியில் அவன் காதருகே போய்விட்டேன். ஸ்ட்ரெச்சர் தள்ளும் மாடசாமி அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றவர் சொன்னார்: "ஏ பிள்ள, நீ அவன்கிட்ட வலிய கேக்கியா, இல்ல யாரும் அறியாம ஊரவிட்டு ஓடிரச் சொல்லுதியா?"

எலியா, தவளையா

ஆராய்ச்சிக்கு நோயாளியோ வீட்டுக்காரர்களோ சம்மதம் தர வேண்டும். அதை டாக்டரம்மாவே கேட்பார். பேட்டையிலிருந்து மகனைக் கூட்டி வந்த ஓர் அம்மாவிடம், "நாங்க ஒரு ஆராய்ச்சி பண்றோம்மா" என்று தொடங்கினார். அவ்வளவுதான். "எம் பிள்ளைய வச்சு ஆராய்ச்சி பண்ணுதியளா? அவன் என்ன எலியா, தவளையா?" என்று அந்த அம்மா கட்டிலுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நீ உள்ளூர்க்காரி, எடுத்துச் சொல் என்பது போல. நான் தரையைப் பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது. முந்தின நாள் நானே துடைத்ததுதான்.

டாக்டரம்மாதான் பொறுமையாக விளக்கினார். ஊசி, மருந்து எல்லாம் வழக்கமாகக் கொடுப்பதுதான், புதிதாக ஒன்றும் செய்யப் போவதில்லை, எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டு எழுதுவோம், அவ்வளவுதான் என்றார். அந்த அம்மாவின் கை மெதுவாக இறங்கியது. முகத்தில் பயம் போய் இரக்கம் வந்தது. "இதுக்காம்மா இம்புட்டுப் படிச்சிய? அடிபட்டா வலிக்கும்னு எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே!"

பத்துக்குப் பத்து

இரண்டு வாரம் ஓடியது. நான் எழுதியதை எல்லாம் ஒரு சாயங்காலம் டாக்டரம்மா கூட்டிக் கழித்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. ஊசி போடுவதற்கு முன் ஏழு, எட்டு. போட்ட பிறகு பத்து. ஆளுக்கு ஆள் இதே கதை. "அப்போ ஊசி போட்டா வலி கூடுதா?" என்று கேட்டார். எங்கோ நான்தான் தப்புச் செய்திருக்கிறேன், என் பகல் ஷிப்ட் போயிற்று என்று நினைத்தேன்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. கை உடைந்து வந்திருந்த எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், நாங்கள் லாத்தா என்போம், ஊசி போட்ட பிறகு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் போய், "இப்ப பத்துக்கு எத்தனை லாத்தா?" என்றேன். "பத்துக்குப் பத்து" என்றார். இவ்வளவு சிரிப்போடு பத்தா என்று பக்கத்தில் நின்ற டாக்டரம்மாவே திரும்பிக் கேட்டார். லாத்தா உள்ளம் குளிர்ந்து சொன்னார்: "பின்ன, இம்புட்டு அருமையாப் பாத்தியளே, மார்க்கக் கொறைக்க எனக்கு மனசு வருமா? அந்த ஊசி போட்ட பிள்ளைக்கும் ஒரு பத்து போட்டுருங்க."

அஞ்சரை

அதற்குப் பிறகு, "இது உங்க வலிக்கு மார்க், எங்களுக்கு இல்ல" என்று ஒரு வரி சேர்த்துக் கேட்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தார். அந்த ஒரு வரிக்காக நான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் வாய்க்குள் பழகினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு தரம் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார்கள்.

திசையன்விளை அண்ணாச்சி ஒருவர், பலசரக்குக் கடைக்காரர், மூட்டை சரிந்து தோள்மூட்டு நழுவி வந்திருந்தார். வலியில் வேட்டி நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் வேட்டியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வியாபாரத்துக்குத் தயாரானார்.

"நீ எத்தன போடுத?"

"நீங்கதான் அண்ணாச்சி சொல்லணும்."

"எட்டுன்னா படுக்க வச்சிருவாங்களா?"

"தெரியாது அண்ணாச்சி."

"ஏழுன்னா?"

"தெரியாது அண்ணாச்சி."

"கடையில மச்சினன் இருக்கான். சாயங்காலத்துக்குள்ள கல்லாவத் தவிர எல்லாத்தையும் வித்துப்போடுவான், கல்லாவுக்கு ஒண்ணும் வராது. ஆறுன்னு வையி. ஆறுக்கு வீட்டுக்கு விடுவாங்கல்லா?" வியர்வை வழிய என்னையே பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் எண்ணை நான் சொல்லக் கூடாதே. வாயை மூடிக்கொண்டு நின்றேன். பேரத்தில் அப்படி நிற்பதும் ஒரு திறமையாம். எனக்குத் தெரியாமலே நான் அவரை நெருக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசியில் அவரே இறங்கி வந்தார்: "சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், அஞ்சரை. இதுக்கு மேல ஒரு நூல் ஏறாது, ஆமா."

மீசை

எண் சரிப்படவில்லை என்று டாக்டரம்மா முகங்கள் வரைந்த அட்டை ஒன்று கொண்டு வந்தார். சிரித்த முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடியும். காட்டினால் போதும், பேச வேண்டாம். எனக்காகவே செய்தது போல இருந்தது. பெரிய ஆசையோடு முதல் ஆளிடம் நீட்டினேன். இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்த லாரி டிரைவர். ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "இதுல மீசை வச்ச மூஞ்சி ஒண்ணுகூட இல்லையேம்மா, நான் எதக் காட்ட?"

கடுக்கு

இனிமேல் எண்ணோடு, அவர்கள் வாயால் என்ன சொல்கிறார்களோ அதையும் அப்படியே எழுது என்றார் டாக்டரம்மா. எழுதினேன். என் எழுத்தில் ரகரமும் றகரமும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். பொறுத்துக்கொண்டு வாசித்தார். "கடுக்குன்னா என்ன? உளையுதுன்னா? காந்துதுன்னா எரியுதுன்னு அர்த்தமா?" என்று கேட்டார். எனக்கு அர்த்தம் தெரியும், சொல்லத்தான் வராது. அதனால் நடித்துக் காட்டினேன். உளையுது என்பதற்குக் காலை நீவிவிட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தேன். கடுக்கு என்பதற்குத் தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடினேன். கண்ணைத் திறந்தபோது டாக்டரம்மா என் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல்ல உக்காருங்க. எவ்ளோ நேரமா இப்படி இருக்கு?"

ஒண்ணுமில்ல

மாதம் முடியப் போகிற நேரம். களக்காட்டிலிருந்து வாழை விவசாயி ஒருவர் வந்தார். காட்டுப்பன்றி குறுக்கே ஓடி, வண்டியோடு விழுந்திருக்கிறார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. ஜெபராணி சிஸ்டர் பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது. நான் போய், "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல தாயி" என்றார். என் காதில் "ஒண்ணு" மட்டும்தான் விழுந்தது. ஒன்று என்று எழுதினேன். டாக்டரம்மா வந்து பார்க்கும்வரை இருக்கட்டும் என்று ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண வேன் கவிழ்ந்து, பட்டுச்சேலையும் ரத்தமுமாக ஒரு குடும்பமே வந்து இறங்கியது. டாக்டரம்மா ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்கு ஓடிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே வேலை இல்லை. நாற்காலிக்காரரிடம் மறுபடி கேட்கப் போனேன். அவர் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார், முழுசாக உட்கார்ந்தால் யாராவது திட்டுவார்கள் என்பது போல. நானும் அப்படித்தான் உட்காருவேன். அதனால் அவரை எனக்குப் பிடித்துப் போயிற்று. "ஒண்ணுமில்ல. எடது தோள்பட்டைதான் லேசாக் கடுக்கு. அங்கன அடிகூடப் படல" என்றார். எழுதிக்கொண்டேன். பிறகு மெதுவாக, "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா தாயி? அவசரமில்ல, உங்க வேலைய முடிச்சிட்டு வாங்க" என்றார்.

டாக்டர் சொல்லாமல் யார் வாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எங்கள் வார்டுச் சட்டம். கேட்கலாம் என்று டாக்டரம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "டாக்டரம்மா" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. திரும்பி வந்தேன். அவர் மறுபடியும் தண்ணீர் கேட்டார், மன்னிப்புக் கேட்பது போல. மறுபடியும் போனேன். இந்தத் தடவை யாரோ என்னை வேன் குடும்பத்துச் சொந்தக்காரி என்று நினைத்து, "வெளிய நில்லுங்கம்மா" என்று தள்ளிவிட்டார்கள். நானும் வெளியே போய் நின்றேன்! அப்புறம்தான் நான் இங்கே வேலை பார்க்கிறவள் என்ற நினைவு வந்தது.

உள்ளே வந்து பார்த்தால் அவர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். நெற்றி, கழுத்து எல்லாம் வியர்வை. உதடு வெளுத்துக் காய்ந்திருந்தது. "ஒண்ணுமில்ல தாயி. அவங்களப் பாக்கட்டும், பாவம்" என்றார். எனக்கு அவருக்கு என்ன நோய் என்று தெரியாது. இந்த மனுஷன் செத்தால்கூட யாருக்கும் தொந்தரவு இல்லாமல் சாவார் என்பது மட்டும் தெரிந்தது. ஏனென்றால் நானும் அப்படித்தான் செய்வேன். டாக்டரம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒன்றுமே வரவில்லை. மனசுக்குள் வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகி, தயாராக இருந்த வார்த்தை ஒன்றுதான். அது வந்துவிட்டது.

"ஆளு எறங்கணும்!"

வார்டே நின்றுவிட்டது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். வேன் குடும்பத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா கையில் கத்திரிக்கோலோடு திரும்பி, "யாரது?" என்றார். நான் என் வழக்கமான குரலுக்குத் திரும்பி, "இவருக்குத் தண்ணி குடுக்கலாமா?" என்றேன். உண்மையில் அதைத்தான் கேட்க வந்தேன். திட்டத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். நாற்காலிக்காரரைப் பார்த்ததும் திட்டவில்லை. "எங்க வலிக்குது?" என்றார். "ஒண்ணுமில்லம்மா" என்றார் அவர். "எடது தோள்பட்டை கடுக்குன்னு சொன்னாவ" என்றேன். கடுக்கு என்றால் என்ன என்று டாக்டரம்மா இந்தத் தடவை கேட்கவில்லை. சட்டையைத் தூக்கி வயிற்றில் கை வைத்தார். ஸ்கேன் மிஷினை இழுத்து வரச் சொன்னார். வண்டி ஹாண்டில் பார் குத்தி, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்துகொண்டிருந்ததாம். அங்கே கசிகிற ரத்தத்தின் வலி தோளில் போய்த் தெரியுமாம். இதெல்லாம் பிறகு டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மாடசாமி அண்ணன் அவரை ஸ்ட்ரெச்சரில் போட்டு ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடியதும், வழியை அடைத்து நின்ற கல்யாணக் கூட்டத்தைப் பார்த்து அண்ணன் போட்ட சத்தமும்தான்: "வழி விடுங்கய்யா, ஆளு எறங்கணும்!"

எட்டு

அவர் பிழைத்துக்கொண்டார். நாலைந்து நாள் தீவிர சிகிச்சையில் இருந்துவிட்டு வார்டுக்கு வந்ததும், டாக்டரம்மா என்னைத்தான் கேட்டு வரச் சொன்னார். வயிற்றில் பெரிய கட்டு. இருமும்போது கையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டார். "வலி பத்துக்கு எத்தனை?" என்றேன். "ஒண்ணுமி..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். பிறகு, ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வது போலப் பையச் சொன்னார்: "எட்டு இருக்கும் தாயி. நீங்க கேக்கதுனால சொல்லுதேன்."

கடைசித் தீர்ப்பு

டாக்டரம்மாவின் ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. லாத்தா மாதிரி ஆட்கள் போட்ட பத்துகளை எல்லாம் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கச் சொல்லிவிட்டாராம் அவருடைய பெரிய டாக்டர். எண்ணுக்குப் பக்கத்தில் வார்த்தையையும் எழுதுவது மட்டும் இருக்கட்டும் என்றிருக்கிறார். அப்படியென்றால் கேட்பதற்கு ஆள் வேண்டும். மாதக் கடைசியில் ஜெபராணி சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நான் போய் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தேன். துடைப்பத்தை எந்த மூலையில் வைத்தேன் என்றுகூட யோசித்துக்கொண்டேன். சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி, இனிமே ஒனக்குப் பகல்தான். போயி பிள்ளைக்குக் காதக் குடு. ஆனா இது வார்டு, டவுன் பஸ் இல்ல, நெனப்பிருக்கட்டும்."

அன்றைக்குச் சாயங்காலம் சபீனாவிடம் சொல்ல ஓடோடி பஸ் ஏறினேன். மொத்த வார்டையும் நிறுத்தி வைத்த அதே தொண்டை சந்தை நிறுத்தத்தில் திறக்கவே இல்லை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித்தான் நடந்து வந்தேன்.